லெக்சிங்டனில் ஆறு அறைகள் கொண்ட பழைய விடுதி விலைக்கு வருகிறது: வாங்கி நடத்துவது கட்டுப்படியாகுமா?

ஃபேர்ஃபாக்ஸ் வாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் வடக்கு வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் நெடுநாளாகக் கணினித் துறையில் வேலை பார்த்து வருகிறோம். இருவரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. மகள் இதே மாநிலத்தின் லெக்சிங்டனில் உள்ள வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தில் படிப்பதால் அந்த ஊருக்கு அடிக்கடி போய் வருகிறோம். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் சிற்றூர் அது. அங்கே அடுத்தடுத்த வளாகங்களில் இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன: 1749இல் தொடங்கிய ஒரு பள்ளியிலிருந்து வளர்ந்த மகளின் பல்கலைக்கழகம் ஒன்று, 1839இல் நிறுவப்பட்ட வர்ஜீனியா ராணுவக் கல்லூரியான வி.எம்.ஐ. மற்றொன்று. இலையுதிர் காலத்தில் பெற்றோர்களை அழைக்கும் வார இறுதியில் ஊருக்குள் ஓர் அறைகூடக் கிடைக்காமல் ஸ்டான்டனில் தங்கித்தான் போய் வந்தோம். கிடைத்திருந்தாலும் வழக்கமான வாடகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டிருப்பார்கள் என்று மற்ற பெற்றோர்கள் சொன்னார்கள்.

அந்த ஊரின் பழைய பகுதியில், ஆறு விருந்தினர் அறைகளுடன் இப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஒரு செங்கல் வீடு விலைக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. வீட்டை நடத்துபவர்கள் வயதானதால் ஓய்வு பெற விரும்புகிறார்கள். கேட்கும் விலை ஒன்பது லட்சம் டாலர். எங்கள் எண்ணம் இதுதான்: இருவரும் இப்போதைய வேலைகளிலேயே தொடர்வது, விடுதிக்கு ஒரு மேலாளரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, மாதம் இரண்டு வார இறுதிகள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வது, ஓய்வு பெற்றபின் அங்கேயே குடியேறுவது.

என் கேள்விகள் மூன்று. இப்படித் தொலைவிலிருந்து நடத்தினால் கட்டுப்படியாகுமா? பழமையான கட்டடங்களுக்கு மத்திய அரசு 20 சதவீதமும் வர்ஜீனியா மாநிலம் 25 சதவீதமும் டாக்ஸ் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளும் தொகை) தருவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். ஆக, போட்ட பணத்தில் 45 சதவீதம் திரும்பி வந்துவிடும் என்பது சரியா? கடைசியாக, நாங்கள் சைவர்கள், வீட்டில் முட்டையும் சமைப்பதில்லை; காலை உணவாக இட்லி, தோசை, பொங்கல் என்று கொடுத்தால் அங்கே எடுபடுமா?

பள்ளத்தாக்கு விடுதிக்காரி:

வணக்கம், தம்பி. ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் வேறொரு கல்லூரி ஊரில் கணவரும் நானும் நான்கு அறைகள் கொண்ட பி அண்ட் பி (காலை உணவோடு அறை வாடகைக்கு விடும் சிறு விடுதி) நடத்துகிறோம். முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை.

பட்டமளிப்பு வாரத்தில் அறை கிடைக்காத ஊர் என்பதை வைத்து விடுதி லாபமாக நடக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த நாட்களில் எந்த விடுதியும் நிறையும். கூரை ஒழுகும் விடுதிகூட நிறையும். நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது, பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் எத்தனை அறைகளில் விளக்கு எரிந்தது என்பதுதான். லெக்சிங்டன் இந்த விஷயத்தில் எங்கள் ஊரைவிடக் கொடுத்துவைத்தது. இரண்டு கல்லூரிகளின் பட்டமளிப்பு விழாக்களும் மே மாதத்தில் தனித்தனி நாட்களில் வருகின்றன, வி.எம்.ஐ.யின் கால்பந்து ஆட்டங்களும் அணிவகுப்புகளும் இலையுதிர் காலத்தை நிரப்புகின்றன, அக்டோபரில் புளூ ரிட்ஜ் மலைச்சாலையில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க வருபவர்கள் வார நாட்களிலும் வருவார்கள். வர்ஜீனியா குதிரை மையத்தின் போட்டிகளுக்கு வருபவர்கள் கல்லூரி விடுமுறையைப் பார்ப்பதில்லை. மூன்று நான்கு இரவுகள் சேர்ந்தாற்போல் தங்குவார்கள் (சேறு படிந்த பூட்ஸைக் கழற்றி வைக்கத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச் போட்டுவிடுங்கள், தரைவிரிப்பு பிழைக்கும்). 81, 64 ஆகிய இரண்டு நெடுஞ்சாலைகள் ஊருக்கு அருகே சந்திப்பதால் வழிப்போக்கர்களும் உண்டு, ஆனால் அவர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களோடு விலையை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள். வாஷிங்டன் அண்ட் லீ மாணவர்கள் 1908 முதல் குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டுகளில் நடத்தும் மாதிரிக் கட்சி மாநாடு இந்தக் காலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களில் வருகிறது. அந்தச் சில நாட்களும் ஊர் நிரம்பிவிடும். ஆனால் அது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான்.

இனி, உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஐந்து அறைகள் என்று வைத்துக்கொள்வோம். ஏன் ஆறு இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆண்டுக்கு 1,825 அறை இரவுகள். அவற்றில் 40 சதவீதம் நிரம்பினால் 730 இரவுகள். நீங்கள் கண்டு மயங்கிய பெரிய வார இறுதிகள் ஆண்டுக்குப் பத்து என்றால், அவற்றுக்கு 100 அறை இரவுகள்தான் கணக்காகின்றன. அவற்றை 300 டாலருக்கு விட்டால் 30,000 டாலர். மீதி 630 இரவுகளைச் சராசரியாக 160 டாலருக்கு விட்டால் 1,00,800 டாலர். ஆக வரவு ஏறத்தாழ 1,31,000. அந்தப் பத்து வார இறுதிகள் மொத்த வருமானத்தில் கால் பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்பது லட்சத்தில் கால் பங்கைக் கையிலிருந்து போட்டு, மீதியை 7 சதவீத வட்டிக்கு 25 ஆண்டுக் கடனாக வாங்கினால் ஆண்டுத் தவணை மட்டுமே சுமார் 57,000 டாலர் ஆகும். மிஞ்சும் 74,000இல் சொத்து வரி, வணிகக் காப்பீடு, வெப்பமூட்டும் செலவு, இணையப் பதிவுத் தளங்களின் கமிஷன், சலவை, காலை உணவு, பழுது பார்ப்பு எல்லாம் அடங்க வேண்டும். இதில் முழுநேர மேலாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? ஃபேர்ஃபாக்ஸ் சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும். இந்தத் தொழிலில் உரிமையாளரின் உழைப்புத்தான் லாபம். அதைச் சம்பளத்துக்கு வாங்கினால் லாபம் என்ற வரியே கணக்கில் இருக்காது. இந்த நாட்டு மோட்டல் தொழிலில் குஜராத்திகள் காலூன்றியதும் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த அறையிலேயே குடும்பத்தோடு வாழ்ந்து, படுக்கை விரிப்பைத் தாங்களே மாற்றியதால்தான்.

அறை எண்ணிக்கை விஷயம். உரிமையாளர் அதே கட்டடத்தில் குடியிருந்து, வாடகைக்கு விடும் அறைகள் ஐந்து அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், அந்த இடம் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் ஏ.டி.ஏ. சட்டத்தில் தங்குமிடம் என்ற வரையறைக்குள் வராது. இதில் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். நீங்கள் சொல்லும் திட்டத்தில் ஆறு அறைகள் இருக்கின்றன, உரிமையாளரும் அங்கே இல்லை; இரண்டிலுமே வெளியே நிற்கிறீர்கள். அப்படியானால் எளிதில் செய்யக்கூடிய அளவுக்குத் தடைகளை நீக்கும் கடமை உங்களுடையது. நகராட்சி அனுமதியையும் இதே கண்ணோடு பாருங்கள். குடியிருப்புப் பகுதிகளில் பி அண்ட் பி நடத்தத் தரும் அனுமதிகளில் உரிமையாளர் அங்கேயே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை பல ஊர்களில் உண்டு. விற்பவருக்கு எந்த நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்கள், அது உங்களுக்கு மாறுமா என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே நகராட்சித் திட்டப் பிரிவில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் தரகர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.

ஃபேர்ஃபாக்ஸ் வாசி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி, அக்கா. மனைவி தன் வேலையை விட்டுவிட்டு அங்கே குடியேறத் தயாராக இருக்கிறார். நான் மட்டும் தொலைவிலிருந்தே வேலையைத் தொடர அனுமதி கேட்க முடியும். ஓர் அறையை எங்களுக்கே வைத்துக்கொண்டால் ஐந்து அறைகள் ஆகிவிடும். இந்த நிலையில் டாக்ஸ் கிரெடிட் கிடைத்தால் கடன் சுமை பெரிதும் குறையுமே என்றுதான் அதை மீண்டும் கேட்கிறேன்.

கணக்கர்:

உங்கள் நண்பர் சொன்ன இரண்டு சதவீதங்களும் சரி. ஆனால் அவை எதன்மேல் கணக்கிடப்படுகின்றன என்பதை அவர் சொல்லவில்லை. வாங்கும் விலைக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. தகுதியான சீரமைப்புச் செலவுக்கு மட்டுமே கிடைக்கும். அதிலும் மேசை நாற்காலி, வாகன நிறுத்துமிடம், தோட்டம், புதிதாக ஒட்டிக் கட்டும் பகுதி ஆகியவை சேரா.

முக்கியமான தடை வேறு. மத்திய அரசின் 20 சதவீதம் கிடைக்க, நீங்கள் தேர்ந்தெடுக்கும் 24 மாத காலத்துக்குள் செய்யும் சீரமைப்புச் செலவு, நிலத்தின் மதிப்பைக் கழித்த கட்டடத்தின் அடக்க மதிப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். கட்டம் கட்டமாகச் செய்யும் பணிகளுக்கு 60 மாதங்கள் வரை உண்டு. ஒன்பது லட்சத்தில் நிலம் இரண்டு லட்சம் என்று வைத்தால், ஏழு லட்சம் டாலருக்கு மேல் வேலை செய்தால்தான் வாசலிலேயே அனுமதி. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் விடுதியில் அவ்வளவு செலவுக்கு வேலை இருக்காது, இருந்தால் நீங்கள் அதை வாங்கக் கூடாது. இந்தச் சலுகை, பாழடைந்து மலிவாகக் கிடைக்கும் மில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பொருந்துவதுபோல் நல்ல நிலையில் விற்கும் வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. வர்ஜீனியாவின் 25 சதவீதத்துக்கு வரம்பு சற்று எளிது: சீரமைப்புக்கு முந்தைய ஆண்டில் கட்டடத்துக்கு இருந்த வரி மதிப்பீட்டில் 50 சதவீதம் செலவழிக்க வேண்டும், உரிமையாளர் குடியிருக்கும் வீடானால் 25 சதவீதம் போதும். அதுவும் சிறு தொகை அன்று.

வரம்பைத் தாண்டினாலும் நடைமுறை நீளமானது. லெக்சிங்டனின் பழைய பகுதி 1972 முதல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருப்பது உண்மைதான். ஆயினும் உங்கள் வீடு அந்தப் பகுதியின் வரலாற்று மதிப்புக்குப் பங்களிக்கும் கட்டடம் என்று முதல் விண்ணப்பத்தில் நிறுவ வேண்டும். இரண்டாம் விண்ணப்பத்தில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை விவரிக்க வேண்டும், முடிந்தபின் மூன்றாவது. மூன்றும் ரிச்மண்டில் உள்ள மாநில வரலாற்று வளத் துறையின் வழியாகச் செல்லும். மத்தியச் சலுகைக்கான முடிவைத் தேசியப் பூங்காத் துறை எடுக்கும். இரண்டாம் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வருவதற்கு முன்பே ஜன்னல்களை மாற்றிவிட்டு அனுமதி கேட்பவர்கள் பலர். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மறுப்புக் கடிதம்தான். கிடைக்கும் மத்தியக் கிரெடிட்டும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் ஐந்து ஆண்டுகளாகப் பிரிந்தே வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் ஆண்டிலேயே விற்றால் முழுவதையும்.

யாரும் கேட்காத, ஆனால் ஆண்டுதோறும் உங்களைத் தொடும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். விருந்தினர்கள் சராசரியாக ஏழு நாட்களோ அதற்குக் குறைவாகவோ தங்கினால், வருமான வரித்துறை அதை வீட்டு வாடகையாகப் பார்ப்பதில்லை, தொழிலாகப் பார்க்கிறது. உணவும் தினசரிச் சேவையும் கொடுப்பதால் சுயதொழில் வரியும் சேரும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: உங்கள் மனைவி அந்தத் தொழிலில் ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால், அவர் உழைப்பு உங்கள் கூட்டுக் கணக்குக்கும் செல்லும், தொடக்க ஆண்டுகளின் நட்டத்தை உங்கள் சம்பள வருமானத்தில் கழிக்க வழி பிறக்கும். ஃபேர்ஃபாக்ஸில் இருந்துகொண்டு மேலாளரை வைத்து நடத்தினால் பெரும்பாலும் இந்த வழி அடைபட்டுவிடும். இரண்டாவது, விருந்தினருக்கென்றே முழுமையாக ஒதுக்கிய அறைகளின் செலவைத்தான் தடையின்றிக் கழிக்கலாம். வரவேற்பறையில் இரவு நீங்களும் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறீர்கள், சமையலறையில் உங்கள் இரவு உணவும் வேகிறது என்றால் அந்தப் பகுதிகளின் தேய்மானத்தையும் வட்டியையும் தொழில் செலவாகக் காட்டுவது தணிக்கையில் நிற்காது. முடிந்தால் உங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சிறு தனிச் சமையலறையை அமைத்துக்கொள்ளுங்கள். சைவம், அசைவம் என்ற உங்கள் சிக்கலுக்கும் அதுவே உதவும்.

சுண்ணாம்பும் செங்கலும்:

வரி பற்றி மேலே சொன்னவருக்கு நன்றி. கிரெடிட் கிடைக்காவிட்டாலும் வீட்டின் வெளிப்புறத்தை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசியப் பதிவேட்டில் இருப்பது மட்டும் சொந்தப் பணத்தில் செய்யும் வேலையைத் தடுப்பதில்லை. தடுப்பது உள்ளூர் விதி. லெக்சிங்டனில் கட்டடக்கலை மறுஆய்வுக் குழு ஒன்று இருக்கிறது. வரலாற்றுப் பகுதியில் வெளியே தெரியும் மாற்றங்களுக்கு முன்னனுமதி வேண்டும். பெயர்ப்பலகைகூட இதில் சேரும்.

நான் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் இருப்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிச் செங்கல் மென்மையானது. உள்ளூர்ச் சூளையில் சுட்டது. சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டது. சுவருக்குள் போகும் ஈரம் காரையின் வழியாகத்தான் வெளியேறும். இடைக்காலத்தில் யாராவது கொத்தனார் நல்லெண்ணத்தோடு போர்ட்லண்ட் சிமென்ட் கலவையை இடுக்குகளில் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, செங்கலின் முகம் பொரிப்பொரியாக உதிரும். நீங்கள் வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு சாவியால் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, கீறல்கூட விழாமல் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமென்ட். சுவரின் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை நன்றாகப் பாருங்கள், முதலில் கெடுவது அங்கேதான்.

அடுத்தது நிலவறைக்குள் இறங்குவது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டில் குளியலறை என்ற ஒன்றே கிடையாது. இன்று ஆறு அறைக்கும் ஆறு குளியலறைகள் இருக்கின்றன என்றால், கழிவுக் குழாயைக் கொண்டுபோக யாரோ ஒருவர் தளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளை வெட்டியிருப்பார். நிலவறையிலிருந்து கைவிளக்கை மேலே அடித்து, குளியலறைகளுக்கு நேர்கீழே கட்டைகள் எவ்வளவு ஆழம் அறுபட்டிருக்கின்றன, பக்கத்தில் புதுக்கட்டை சேர்த்து முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மேல்மாடியில் இதைப் பார்க்க முடியாது. அங்கே தரையில் ஒரு கோலிக்குண்டை விட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் தளம் இறங்கியிருக்கிறது. சிறிதளவு சாய்வு எல்லாப் பழைய வீட்டிலும் உண்டு, அதற்கு அஞ்ச வேண்டாம். பீங்கான் குமிழ்களின்மேல் ஓடும் பழைய மின்கம்பி எங்காவது இன்னும் உயிரோடு இருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் பல கைவிரித்துவிடும். 1978க்கு முன் கட்டியது என்பதால் ஈயம் கலந்த வண்ணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். மரச் சட்ட ஜன்னல்களை மேலும் கீழும் இழுக்கும்போது அந்தத் தூள்தான் உதிர்கிறது. அதற்காக ஜன்னல்களைத் தூக்கிவிட்டு வினைல் ஜன்னல் வைக்க வேண்டாம். பழைய பைன் மரம் இறுகியது. கயிற்றையும் பட்டியையும் சரிசெய்து வெளியே ஒரு கூடுதல் கண்ணாடிச் சட்டம் போட்டால் குளிரும் நிற்கும், மறுஆய்வுக் குழுவும் தடை சொல்லாது.

விடுதிக்காரி அக்கா சொன்ன ஏ.டி.ஏ. விஷயத்தில் லெக்சிங்டனுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1851இல் மெயின் தெருவின் ஏற்றத்தைக் குறைப்பதற்காகத் தெருவையே பல அடி வெட்டித் தாழ்த்தினார்கள். அதனால் அங்கே சில பழைய வீடுகளின் முதல் வாசல் இன்று தலைக்கு மேலே நிற்கிறது, அடித்தளமாக இருந்தது தெருமட்டத்துத் தளமாகிவிட்டது. உங்கள் வீடு அந்த வரிசையில் இருந்தால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பது முன்பக்கம் நடக்காத காரியம். பின்பக்க முற்றத்தின் மட்டத்தைப் பாருங்கள்.

எச்1பி அன்பர்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எச்1பி விசாவில், அதாவது விண்ணப்பித்த நிறுவனத்தில் மட்டும் வேலை செய்யும் விசாவில் இருக்கிறேன். இதேபோல் சிறிய விடுதி ஒன்றை வாங்கி வார இறுதிகளில் நடத்த முடியுமா?

கணக்கர்:

வாங்கலாம், நடத்த முடியாது. சொத்தையோ நிறுவனப் பங்கையோ வைத்திருப்பதற்குத் தடையில்லை. ஆனால் விருந்தினரை வரவேற்பதும் காலை உணவு சமைப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் வேலை. சம்பளம் எடுக்கவில்லை என்பதால் அது வேலையில்லை என்று ஆகிவிடாது. முதலீட்டாளருக்கான இ-2 விசா ஒப்பந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை, ஆகவே இந்தியக் குடிமக்களுக்கு அந்த வழியும் இல்லை. உங்கள் துணைவரிடம் எச்4 (எச்1பி வைத்திருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) வேலை அனுமதி இருந்தால் அவர் நடத்தலாம். அந்த அனுமதி காலாவதியாகும் நாளில் விடுதி என்ன ஆகும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டு இறங்குங்கள்.

பள்ளத்தாக்கு விடுதிக்காரி:

காலை உணவுக் கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்கு முன் சமையலறை உரிமம். உணவகங்களுக்கான மத்திய மாதிரி விதிகளில், உரிமையாளர் குடியிருந்து, ஆறு அறைகளுக்கு மிகாமல், காலை உணவு மட்டும், பதினெட்டு விருந்தினருக்குள் கொடுக்கும் வீடுகளுக்கு உணவக வரையறையிலிருந்து விலக்கு இருக்கிறது. இந்தச் சமையலறை அரசின் ஆய்வுக்கு உட்பட்டதன்று என்று விருந்தினருக்கு அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் இதை அப்படியே ஏற்பதில்லை; வர்ஜீனியாவில் சுகாதாரத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் எந்த வகை அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கும் உரிமையாளர் குடியிருப்பதுதான் முதல் நிபந்தனை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இட்லி எடுபடுமா என்றால், எடுபடும். ஆனால் அதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது. வருபவர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர். பல மணி நேரம் காரோட்டி வந்தவர்கள். அவர்கள் மனத்தில் பி அண்ட் பி காலை உணவு என்றால் முட்டை, பிஸ்கட், ஏதோ ஓர் இறைச்சி என்று ஒரு படம் இருக்கிறது. இறைச்சி இல்லாமல் சமாளிக்கலாம். இணையப் பக்கத்தில் இது சைவ விடுதி என்று பெரிதாகப் போட்டுவிட்டால் அதை விரும்பியே வருபவர்களும் உண்டு. ஆனால் முட்டையும் இல்லை என்றால் மறுமுறை வருபவர்கள் குறைவார்கள், இதை நான் தயங்காமல் சொல்வேன். பேன்கேக், பழக் கூழ், ஓட்ஸ், வறுத்த உருளைக்கிழங்கு, தக்காளி, காளான் என்று முட்டையில்லாமலும் தட்டை நிறைக்க முடியும். பேன்கேக்கில் முட்டையைத் தவிர்ப்பது உங்கள் மனைவிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோசையை மறந்துவிடுங்கள். அணிவகுப்பு நாளில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுந்து போக வேண்டும் என்பார்கள். ஒரு கல்லில் ஒவ்வொன்றாக வார்த்துக்கொண்டிருந்தால் கடைசி ஆளுக்குத் தோசை வரும்போது முதல் ஆள் மைதானத்தில் இருப்பார். இட்லியும் பொங்கலும் மொத்தமாக இறக்கலாம். பொங்கலில் மிளகை முழுதாகப் போடாமல் இடித்துப் போடுங்கள், தெரியாமல் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடுகிறார்கள். சாம்பாரைச் சிறு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சூப்பாக நினைத்துக் கரண்டியால் குடித்துவிட்டு இரண்டாம் கிண்ணம் கேட்பவர்கள்தான் அதிகம், நானும் திருத்துவதில்லை. முந்திரியைக் கட்டாயம் அறிவிப்பு அட்டையில் எழுதி வையுங்கள். ஒவ்வாமை பற்றி அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பட்டமளிப்பு வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாட்களுக்கு ஓராண்டு முன்பே கேட்பார்கள். குறைந்தது இரண்டு அல்லது மூன்று இரவுகள், முழுத்தொகை முன்பணம், ரத்து செய்தால் அறை மறுபடி விற்றால் மட்டுமே பணம் திரும்பும் என்ற விதியை எழுத்தில் வையுங்கள். பிள்ளை ஒரு பாடத்தில் தவறிப் பட்டமளிப்புத் தள்ளிப்போவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். விற்பவர் அடுத்த ஆண்டுக்கு ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் முன்பணமும் உங்கள் கையில் வந்து சேர வேண்டும், அதைக் கிரயப் பத்திரத்தில் தனி வரியாகவே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஃபேர்ஃபாக்ஸ் வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. மேலாளரை வைத்துத் தொலைவிலிருந்து நடத்தும் எண்ணத்தைக் கைவிட்டோம். மனைவி குடியேறுவதாக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். டாக்ஸ் கிரெடிட் இல்லை என்று வைத்தே கணக்கைத் திரும்பப் போடுகிறேன். விற்பவரிடம் வருமான வரிக் கணக்கைக் கேட்டோம், தருவதாகச் சொல்கிறார். அதைத் தவிர வேறு என்ன கேட்க வேண்டும்? முட்டை விஷயத்தில் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

பள்ளத்தாக்கு விடுதிக்காரி:

மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, அதோடு எந்த இரவில் எந்த அறை என்ன விலைக்குப் போனது என்ற பதிவேடு, பிறகு விற்பனை வரியும் தங்குமிட வரியும் மாதாமாதம் கட்டிய ரசீதுகள். பதிவேட்டில் எழுதியதும் வரி கட்டியதும் ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் கணக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், வரி ரசீதில் உள்ள சிறிய எண்ணைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்ள வேண்டும், "ரொக்கமாக வந்ததை எழுதவில்லை" என்ற சமாதானத்துக்கு விலை கொடுக்காதீர்கள். அவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: சலவையை வீட்டிலேயே செய்கிறார்களா, வெளியே கொடுக்கிறார்களா? ஐந்து அறைகள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் காலியாகி மூன்று மணிக்கு மறுபடி நிரம்பும் நாளில் வீட்டிலுள்ள ஒற்றைச் சலவை இயந்திரம் போதாது. விரிப்புகள் அறைக்கு மூன்று தொகுதி இருக்கின்றனவா என்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் விலைப்பட்டியலில் "பொருட்கள் உட்பட" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவார்கள்.